காப்பகத்திலிருந்து தத்தெடுத்த நாயைப் பழைய உரிமையாளர் திருப்பிக் கேட்கிறார்: என்ன செய்வது?

கேள்வி கேட்டவர்: வேளச்சேரி வாசகி

அனைவருக்கும் வணக்கம். சற்று நீளமாக எழுதுவதைப் பொறுத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

2024 டிசம்பரில் தென்சென்னையில் உள்ள ஒரு விலங்குக் காப்பகத்திலிருந்து ஓர் ஆண் நாயைத் தத்தெடுத்தோம். காப்பகத்தின் பெயரைத் தவிர்க்கிறேன். சிப்பிப்பாறைச் சாயலும் செம்பழுப்பு நிறமும் கொண்ட அவனுக்கு அப்போது மூன்று வயது இருக்கலாம் என்று மருத்துவர் சொன்னார். அவ்வாண்டு நவம்பர் 2 அன்று, அதாவது தீபாவளிக்கு மூன்றாம் நாள், பள்ளிக்கரணையில் சாலையோரம் நடுங்கியபடி நின்றவனை வழிப்போக்கர் ஒருவர் கொண்டுவந்து விட்டதாகக் காப்பகப் பதிவேட்டில் எழுதியிருக்கிறார்கள். கழுத்துப்பட்டை இல்லை. ஒரு மாதத்துக்கும் மேலாக யாரும் தேடி வரவில்லை என்று கூறித்தான் எங்களிடம் ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கினார்கள்.

வீட்டுக்கு வந்த வாரமே உண்ணிக் காய்ச்சலில் படுத்துவிட்டான். 28 நாட்கள் டாக்ஸிசைக்ளின் கொடுத்து, இரண்டு முறை இரத்தப் பரிசோதனை செய்து, ஏறத்தாழ 18,000 ரூபாய் செலவில் மீட்டெடுத்தோம். தொடக்கத்தில் குக்கர் விசில் கேட்டாலே கட்டிலுக்கு அடியில் போய்ப் பதுங்கிக்கொள்வான். இப்போது மூன்றாவது விசிலுக்கு அடுப்படி வாசலில் வந்து அமர்ந்து, சோறு ஆறும்வரை அசையாமல் காத்திருக்கிறான். அவனுக்குச் சேது என்று பெயர் வைத்திருக்கிறோம்.

வளர்ப்பு நாய்களுக்கு உரிமமும் மைக்ரோசிப்பும் கட்டாயம், உரிமம் இல்லையென்றால் 5,000 ரூபாய் அபராதம் என்று சென்னை மாநகராட்சி 2025 இறுதியில் அறிவித்தபோது, நானும் முகாமில் வரிசையில் நின்று அவனுக்குச் சிப் பொருத்தினேன். அங்கே எடுத்த ஒரு படத்தை எங்கள் குடியிருப்பு வாட்ஸ்அப் குழுவில் பகிர்ந்தேன். அது கைமாறி மேடவாக்கத்தில் ஒரு குடும்பத்தை எட்டியிருக்கிறது. 2024 தீபாவளி இரவில் வெடிச் சத்தத்துக்கு மிரண்டு ஓடிப்போன தங்கள் வீராதான் இவன் என்கிறார்கள். குட்டியாக இருந்தபோது எடுத்த படங்களும் தடுப்பூசிப் புத்தகமும் வைத்திருக்கிறார்கள். காப்பகத்துக்குத் தொலைபேசியில் கேட்டதாகவும், அப்படி நாய் ஏதும் வரவில்லை என்று பதில் கிடைத்ததாகவும் சொல்கிறார்கள்.

இவனுக்கு (அடையாளம் நெறியாளரால் நீக்கப்பட்டது) இருப்பதையும் அவர்கள் படத்தில் பார்த்தேன். ஆனால் அது பல நாய்களுக்கு இருக்கக்கூடியதுதான். சிப்பும் உரிமமும் என் பெயரில் இருக்கின்றன. ஓராண்டு வளர்த்திருக்கிறேன். சட்டப்படி அவன் யாருடையவன்? சட்டத்தை விட்டுவிட்டுப் பார்த்தால், யாரிடம் இருக்க வேண்டியவன்?

பதில்: நெறியாளர்

நாயின் உடலில் உள்ள தனி அடையாளத்தைப் பதிவிலிருந்து நீக்கியிருக்கிறேன். காரணத்தை அடுத்த பதிலில் உள்ள அன்பர் விளக்குவார். அவர் சொல்லித்தான் நீக்கினேன்.

பதில்: பன்னிரண்டு ஆண்டுத் தன்னார்வலர்

அம்மா, முதலில் ஒன்று. உரிமை கோரி வருபவரிடம் அடையாளத்தை நாம் சொல்லக்கூடாது. அவர்கள்தான் நமக்குச் சொல்ல வேண்டும். பொதுவெளியில் எழுதினால் நாளை யார் வேண்டுமானாலும் அதையே திருப்பிச் சொல்லிவிட்டு நாயை அழைத்துக்கொண்டு போகலாம். காப்பகங்களில் நாங்கள் எப்போதும் ஓர் அடையாளத்தைப் படத்தில் தெரியாதபடி மறைத்து வைத்துக்கொண்டுதான் விளம்பரம் செய்வோம். சிப்பிப்பாறை போன்ற ஒற்றை நிற நாய்களில் இது இன்னும் முக்கியம், ஏனென்றால் இரண்டு நாய்களைப் பக்கத்தில் நிறுத்தினால் வளர்த்தவரே ஒரு நொடி தடுமாறுவார்.

எனவே அவர்களை நேரில் சந்திப்பதற்கு முன், நாயைக் குளிப்பாட்டியவருக்கும் உண்ணி எடுத்தவருக்கும் மட்டுமே தெரிந்திருக்கக்கூடிய அடையாளம் ஏதாவது உண்டா என்று கேளுங்கள். காதின் உட்புறம், விரலிடுக்கு, வயிற்று மடிப்பு, பல் வரிசை ஆகியவை படங்களில் விழாத இடங்கள். தடுப்பூசிப் புத்தகத்தில் ஒட்டியிருக்கும் மருந்துச் சீட்டுகளின் தேதிகளை, ஊசி போட்ட மருத்துவமனையின் பதிவேட்டோடு ஒப்பிடச் சொல்லுங்கள். புத்தகத்தை எங்கும் வாங்கலாம், பதிவேட்டில் பின்தேதியிட்டு எழுதுவது அவ்வளவு எளிதன்று.

காப்பகத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். 2023-இல் வந்த விலங்கு இனக்கட்டுப்பாட்டு விதிகளின்படி, தெருநாய் என்றால் கருத்தடை செய்து, வெறிநோய்த் தடுப்பூசி போட்டு, பிடித்த இடத்திலேயே திரும்ப விட வேண்டும். அவனை அப்படித் திரும்ப விடாமல் தத்துக்குக் கொடுத்தார்கள் என்றால், அவன் யாரோ வளர்த்த நாய் என்று அவர்களே கருதியிருக்கிறார்கள் என்றுதான் பொருள். அப்படிக் கருதிய பிறகு, தீபாவளி வாரத்தில் வந்த நாயைப் பற்றி சுற்றுவட்டாரத்தில் விசாரித்திருக்க வேண்டும், வந்த அன்றே சிப் இருக்கிறதா என்று வருடியை (ஸ்கேனர்) தோள்பட்டைகளுக்கு நடுவில் வைத்துப் பார்த்து, அதைப் பதிவேட்டில் எழுதியிருக்க வேண்டும். அந்தப் பதிவேட்டுப் பக்கத்தின் நகலைக் கேட்டு வாங்குங்கள். பழைய குடும்பம் தொலைபேசியில் கேட்டது எந்தத் தேதியில் என்பதையும் கேளுங்கள். தீபாவளிக்கு மறுநாள் கேட்டிருந்தால், நாய் அப்போது இன்னும் சாலையில்தான் நின்றிருக்கிறது.

பதில்: மதுரைக் கீழமை நீதிமன்ற வழக்கறிஞர்

சட்டக் கேள்விக்கு மட்டும் பதில் சொல்கிறேன். இது பொதுவான விளக்கமே. உங்கள் ஆவணங்களைப் பார்க்காமல் உறுதியான கருத்துச் சொல்வதற்கில்லை.

நம் சட்டத்தின் பார்வையில் நாய் ஓர் அசையும் சொத்து. மனத்துக்குக் கசப்பாக இருந்தாலும், உரிமை வழக்கில் அங்கிருந்துதான் தொடங்க வேண்டியிருக்கிறது. ஒரு பொருள் தொலைந்துவிட்டதனால் மட்டும் அதன் உரிமை உரிமையாளரை விட்டுப் போய்விடுவதில்லை. அவர் அதை வேண்டாம் என்று கைவிட்டிருக்க வேண்டும். 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், பிரிவு 71-இன்படி, பிறருடைய பொருளைக் கண்டெடுத்துத் தன் பொறுப்பில் வைத்துக்கொள்பவர், நம்பி ஒப்படைக்கப்பட்ட பொருளைக் காப்பவருக்குரிய கடமைகளை ஏற்கிறார். உங்கள் விஷயத்தில் அந்த நிலையில் இருந்தது காப்பகம். காப்பவருக்கு உரிமை கிடையாது. தன்னிடம் இல்லாத உரிமையை அவர் உங்களுக்குக் கொடுத்திருக்கவும் முடியாது. தத்து ஒப்பந்தம் உங்களையும் காப்பகத்தையும் கட்டுப்படுத்துமே தவிர, அதில் கையெழுத்திடாத மேடவாக்கத்துக் குடும்பத்தைக் கட்டுப்படுத்தாது.

சிப்பைப் பற்றிப் பலருக்கும் ஒரு தவறான எண்ணம் இருக்கிறது. அரிசி மணி அளவுள்ள அந்தக் கருவியில் பதினைந்து இலக்க எண் ஒன்றுதான் உண்டு. அந்த எண்ணுக்கு எதிரே பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறது என்பது, பதிவு செய்த நாளில் நாய் யாரிடம் இருந்தது என்பதற்குச் சான்று. அது நிலத்துக்குப் பட்டா போன்றது. பட்டா உங்கள் பெயரில் இருக்கலாம், மூலப்பத்திரம் வேறொருவரிடம் இருந்தால் வழக்கு வேறு திசையில் போகும்.

உங்கள் பக்கமும் வெறுமையாக இல்லை. நீங்கள் நல்லெண்ணத்துடன் பெற்றவர். உங்கள் மீது குற்றவியல் பொறுப்பு ஏதும் இதுவரை எழவில்லை. ஆனால் உரிமையாளர் இன்னார் என்று தெரிந்த பிறகும் நாயை வேறு ஊருக்கு அனுப்பிவைப்பது, இறந்துவிட்டது என்று சொல்வது போன்ற செயல்களில் இறங்கினால், பாரதிய நியாய சன்ஹிதா என்ற குற்றவியல் சட்டத்தின் பிரிவு 314 கூறும் நேர்மையற்ற கையாடல் என்ற எல்லைக்குள் நீங்களே நடந்து சென்றவராவீர்கள். உறவினர்கள் நிச்சயம் அந்த யோசனையைச் சொல்வார்கள். கேட்காதீர்கள்.

செலவு பற்றி: ஒப்பந்தச் சட்டத்தின் பிரிவு 168, கண்டெடுத்தவர் தன் சிரமத்துக்கும் செலவுக்கும் ஈடு கேட்டு வழக்குப் போட முடியாது என்கிறது, ஆனால் அந்த ஈட்டைப் பெறும்வரை பொருளைத் தன்னிடம் நிறுத்திவைத்துக்கொள்ளலாம் என்றும் சொல்கிறது. நீங்கள் நேரடியாகக் கண்டெடுத்தவர் அல்லர் என்பதால் அது உங்களுக்கு அப்படியே பொருந்துமா என்பது வாதத்துக்குரியது. இருந்தாலும் 18,000 ரூபாய்க்கான ரசீதுகளைப் பத்திரப்படுத்துங்கள்.

காலம் கடந்துவிட்டது என்ற வாதமும் எடுபடாது. தொலைந்த பொருளை மீட்கும் வழக்குக்கு 1963-ஆம் ஆண்டுக் காலவரம்புச் சட்டம் மூன்று ஆண்டு அவகாசம் தருகிறது. அந்த மூன்றாண்டும் பொருள் யாரிடம் இருக்கிறது என்று தெரிந்த நாளிலிருந்துதான் ஓடத் தொடங்கும்.

பதில்: சிங்காநல்லூர்க்காரர்

வழக்கறிஞர் ஐயா சொல்வது சட்டமாக இருக்கலாம், ஆனால் எனக்கு ஒப்புதல் இல்லை. தீபாவளி இரவில் வெளிக்கதவைத் திறந்துபோட்டு, கழுத்துப்பட்டையில் ஒரு தொலைபேசி எண் கூட எழுதாமல் விட்டவர்கள் எப்படி உரிமையாளர் ஆவார்கள்? தடுப்பூசியும் கருத்தடையும் பூச்சி மருந்தும் உரிமையாளரின் பொறுப்பு என்று அந்த 2023 விதிகளே சொல்கின்றன. நாய் காப்பகத்துக்கு வந்தபோது கருத்தடை செய்யப்பட்டிருந்ததா என்று யாரும் கேட்கவில்லையே. ஓராண்டு சோறு போட்டு, சாகக் கிடந்தவனைப் பிழைக்கவைத்தவருக்கு உரிமை இல்லை, புகைப்படம் வைத்திருப்பவருக்கு உண்டு என்றால், அந்த நியாயம் எனக்குப் புரியவில்லை.

பதில்: ஹூஸ்டன் தமிழர்

சிங்காநல்லூர் நண்பரின் கோபம் அமெரிக்க நீதிமன்றங்களிலும் வந்து போயிருக்கிறது. இரண்டு தீர்ப்புகள், இரண்டு விடைகள்.

நான் வசிக்கும் ஹூஸ்டனில் 2013 ஜனவரியில் ஒரு ஜெர்மன் ஷெப்பர்ட் நாய், கார் நிறுத்தும் கொட்டிலின் கதவு திறந்திருந்ததால் வெளியேறிவிட்டது. நகராட்சியினர் பிடித்துச் சென்றார்கள். காத்திருப்பு நாட்கள் முடிந்து கொல்லப்படவேண்டிய பட்டியலில் சேர்ந்துவிட்ட அதை ஒரு மீட்புக் குழு எடுத்துக்கொண்டது. உரிமையாளர்கள் கண்டுபிடித்து வந்து கேட்டபோது, நாய் நோயுற்றிருந்தது, நீங்கள் ஒழுங்காகப் பார்த்துக்கொள்ளவில்லை என்று கூறிக் குழுவினர் தர மறுத்தார்கள். விசாரணை நீதிமன்றம் உரிமையாளர்களுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது, மேல்முறையீட்டில் அது மாறியது, கடைசியில் 2016 ஏப்ரலில் டெக்சாஸ் உச்ச நீதிமன்றம் நாயை உரிமையாளர்களிடமே கொடுக்கச் சொன்னது. உரிமை பறிபோகும் என்று நகர விதி தெளிவாகச் சொல்லாதவரை அது பறிபோகாது என்பதுதான் அதன் சாரம். அந்த மீட்புக் குழு எடுத்திருக்காவிட்டால் திருப்பிக் கொடுக்க நாயே இருந்திருக்காது என்பதை நான் இன்னும் நினைத்துக்கொள்வதுண்டு.

வெர்மான்ட் மாநிலத்தில் 1997-இல் நேர்மாறாகத் தீர்ப்பு வந்தது. அங்கே நாயைக் கண்டெடுத்தவர் பூங்காக்களிலும் கடைகளிலும் அறிவிப்பு ஒட்டி, உள்ளூர் வானொலியில் சொல்லவைத்து, யாரும் வராததால் ஓராண்டுக்கு மேல் வளர்த்திருந்தார். தொலைந்த கைக்கடிகாரத்தைப் போல நாயைப் பார்க்க முடியாது. நியாயமான அளவு தேடிப் பார்த்துவிட்டு நீண்ட காலம் பராமரித்தவர் வைத்துக்கொள்ளலாம் என்றது அந்த மாநில உச்ச நீதிமன்றம். இரண்டு வழக்குகளையும் அருகருகே வைத்தால் எனக்குத் தோன்றுவது, வளர்த்த காலத்தைவிடத் தேடிய முயற்சிக்குத்தான் எடை அதிகம் என்பதே. வேளச்சேரி அம்மையாரின் விஷயத்தில் காப்பகம் தேடியதற்கு எந்தத் தடயமும் இல்லை.

பதில்: திருவெறும்பூரிலிருந்து

நான் நாயைத் தொலைத்தவன். கதவைத் திறந்துபோட்டவர்கள் என்று ஒரே வரியில் முடித்துவிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளவே எழுதுகிறேன்.

எங்கள் கோம்பை ஒரு கோயில் திருவிழா வாணவேடிக்கையில் ஓடியது. கழுத்துப்பட்டை இருந்தது, ஓடியபோது கம்பி வேலியில் மாட்டி அறுந்து, பட்டை மட்டும் மறுநாள் கிடைத்தது. நாற்பத்தொரு நாள் தேடினேன். முதல் வாரம் எங்கள் தெருவையும் அடுத்த இரண்டு தெருக்களையுமே சுற்றிச் சுற்றி வந்தேன். மிரண்டு ஓடும் நாய் பல கிலோமீட்டர் போகும், பகலில் பதுங்கிக்கொண்டு ஆள் நடமாட்டம் அடங்கிய பிறகுதான் வெளியே வரும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. காப்பகங்களுக்குத் தொலைபேசியில் கேட்டதும் என் பிழைதான். எடுப்பவர் கூண்டுவரை போய்ப் பார்க்காமலே இல்லை என்பார். நேரில் போக வேண்டும், இரண்டு நாளுக்கு ஒருமுறை போக வேண்டும், படத்தை அங்கே சுவரில் ஒட்டிவிட்டு வர வேண்டும். இதெல்லாம் தொலைத்த பிறகு கற்றுக்கொண்டது. இப்போது இருக்கும் நாயைத் தீபாவளியன்று மாலை ஐந்து மணிக்குள் நடத்திக் கூட்டிவந்து, உள்ளறையில் மின்விசிறியைச் சத்தமாக ஓடவிட்டு, நானும் கூடவே உட்கார்ந்துவிடுகிறேன். என் கோம்பை கிடைக்கவில்லை.

பதில்: மதுரைக் கீழமை நீதிமன்ற வழக்கறிஞர்

தனிச்செய்தியில் சிலர் டி.என்.ஏ. பரிசோதனை பற்றிக் கேட்டார்கள். மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத்தில் 2020-இல் ஒரு கறுப்பு லாப்ரடாருக்கு இருவர் உரிமை கோரியபோது, காவல் துறையினரே மாதிரி எடுத்து அனுப்பி, அடுத்த ஆண்டு வந்த முடிவின்படி நாயை ஒருவரிடம் ஒப்படைத்தார்கள். ஆனால் ஒப்பிடுவதற்குத் தாய் நாயோ தந்தை நாயோ இன்னும் உயிரோடு, தெரிந்த இடத்தில் இருக்க வேண்டும். பெயர் சொல்லி அழைத்தால் ஓடிவருகிறதா என்று பார்க்கும் சோதனையை நான் நம்புவதில்லை. பிஸ்கட் வைத்திருப்பவர் யாராக இருந்தாலும் ஓடிவரும் நாய்களே அதிகம்.

பதில்: வேளச்சேரி வாசகி

அனைவருக்கும் நன்றி. மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன்.

காப்பகத்தில் பதிவேட்டின் நகலைப் பெற ஐந்து முறை போக வேண்டியிருந்தது. சிப் சோதனைக்கான கட்டம் காலியாக இருக்கிறது. கருத்தடைக்கான கட்டத்தில், ஏற்கெனவே செய்யப்பட்டது என்று எழுதியிருக்கிறார்கள். சிங்காநல்லூர் ஐயாவின் கேள்விக்கு அதுவே விடை. பழைய குடும்பம் தொலைபேசியில் கேட்டது நவம்பர் 1. தங்கள் கைப்பேசியின் அழைப்புப் பட்டியலை ஒரு படமாக எடுத்து அப்போதே சேமித்து வைத்திருந்தார்கள். நாய் காப்பகத்துக்கு வந்தது நவம்பர் 2. தன்னார்வலர் ஐயா எழுதியது போலவே ஒரு நாள் இடைவெளி. அதற்குப் பிறகு அவர்கள் மீண்டும் கேட்கவில்லை, மேடவாக்கத்தில் மட்டும் நோட்டீஸ் ஒட்டியிருக்கிறார்கள்.

எங்கள் வீட்டிலும் இல்லாமல், அவர்கள் வீட்டிலும் இல்லாமல், அவனுக்குத் தடுப்பூசி போட்டதாகப் புத்தகத்தில் இருந்த மருத்துவமனையில் சந்தித்தோம். பதிவேட்டில் தேதிகள் பொருந்தின. நான் அடையாளம் எதையும் சொல்லவில்லை. பதினொரு வயது இருக்கும் அவர்கள் பையன், வலது காதை மடித்தால் உள்ளே துவரம்பருப்பு அளவுக்கு ஒரு கறுப்பு மறு இருக்கும், அதைத் தொட்டால் தலையை ஆட்டுவான் என்றான். ஓராண்டாகக் காது துடைத்துவிடும் எனக்குத் தெரியும் அந்த மறு. என் மகளுக்குக்கூடத் தெரியாது.

வீரா என்று அழைத்ததற்கு அவன் உடனே ஓடவில்லை. நின்று, இரு பக்கமும் பார்த்துவிட்டு, அந்தப் பையனின் காலணியை வெகுநேரம் மோந்துகொண்டிருந்தான். வழக்கறிஞர் ஐயா இதைச் சான்றாக ஏற்கமாட்டார். நானும் சான்றாகச் சொல்லவில்லை.

அவர்களுடன் அனுப்புவதென்று முடிவு செய்தோம். என் கணவருக்கு இன்னும் முழுச் சம்மதமில்லை. செலவுத் தொகையை அவர்களே கொண்டுவந்தார்கள். மருத்துவ ரசீதுகளுக்கு உரியதை மட்டும் வாங்கிக்கொண்டேன். பிடி, சாப்பாட்டுத் தட்டு, மருந்துச் சீட்டுகள் எல்லாவற்றையும் கொடுத்தனுப்பினேன். முதல் மாதம் ஞாயிறுதோறும் நாங்கள் போய்ப் பார்ப்பதென்றும், அவர்கள் வெளியூர் போகும் நாட்களில் எங்கள் வீட்டில் விடுவதென்றும் பேசி, ஒரு தாளில் எழுதி இரு தரப்பும் கையெழுத்திட்டோம். தாழ்ப்பாள் சரியாக விழாத அவர்கள் வெளிக்கதவை மாற்றிய பிறகுதான் அனுப்புவேன் என்றேன். மாற்றிவிட்டு, மூடிய கதவைப் படமெடுத்து அனுப்பினார்கள்.

இப்போது ஒரே ஒரு ஐயம். சிப் எண் என் பெயரிலும் என் முகவரியிலும் இருக்கிறது. அவன் மறுபடி தொலைந்தால் அழைப்பு எனக்குத்தான் வரும். மாநகராட்சி உரிமத்தை ரத்துசெய்து அவர்கள் பெயரில் புதிதாக எடுக்க வேண்டுமா, அல்லது அதே எண்ணுக்குப் பெயரை மட்டும் மாற்றித் தருவார்களா? அண்மையில் மாற்றியவர்கள் யாராவது இருந்தால், எந்த அலுவலகத்தில் என்னென்ன தாள்கள் கேட்டார்கள் என்று எழுதுங்கள்.